லினக்ஸ் கணினி முரண்டு பிடிக்கிறதா? ‘ஃபார்மட்’ செய்யும் முன் கவனியுங்கள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு மேம்பாடுகளை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-ஐ ஏற்கப் பழைய கணினிகள் பலவற்றுக்குத் தகுதியில்லை. நல்ல நிலையில் இருக்கும் மடிக்கணினியைத் தூக்கியெறிய மனமில்லாதவர்களுக்கு, காசு கொடுக்காமல் கிடைக்கும் மாற்று லினக்ஸ். அதில் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் 2 ஜிபி நினைவகத்திலேயே ஓடும். 4 ஜிபி இருந்தால் வசதி.

அது ஒருநாள் எழாமல் போனால்தான் சிக்கல். லாபு, ரந்தாவ், பகாவ் வட்டாரத் தோட்டங்களிலிருந்து கணினியைப் பட்டணத்துக் கடைக்குத் தூக்கிச் சென்றால், ‘ஃபார்மட்’ போட்டுவிடலாம் என்ற பதில் வருவது உண்டு. ஃபார்மட் போட்டால் கணினி எழும். பிள்ளையின் பள்ளி வேலைகளும் தாத்தாவின் படங்களும் எழுந்து வரமாட்டா.

கணினி எழவில்லை என்பதற்காக அதிலுள்ள கோப்புகள் அழிந்துவிட்டதாகப் பொருளில்லை. லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவ் ஒன்றைச் செருகி, அதிலிருந்தே கணினியை இயக்கலாம். இயக்கியதும் எஃப்12, எஃப்9, எஸ்கேப் போன்ற விசைகளில் ஒன்றை அழுத்தினால் எதிலிருந்து தொடங்குவது என்ற பட்டியல் வரும்; எந்த விசை என்பது கணினியின் தயாரிப்பைப் பொறுத்தது. திரை வந்ததும் ‘இன்ஸ்டால்’ பக்கம் போகாமல், கோப்பு மேலாளரில் பழைய வட்டைத் திறக்க வேண்டும். ‘ஹோம்’ என்ற உறைக்குள் பயனர் பெயரில் எல்லாம் இருக்கும். வேறொரு வட்டுக்கு நகலெடுத்துவிட்டால் பிறகு ஃபார்மட் போட்டாலும் கவலையில்லை. வட்டு பூட்டப்பட்டிருந்தால் கடவுச்சொல் தேவைப்படும். வட்டிலிருந்து ‘டக் டக்’ என்று சத்தம் கேட்டால், மற்ற பழுதுபார்ப்புகளை ஒத்திவைத்து நகலெடுப்பதையே முதலில் செய்ய வேண்டும்.

இந்தப் பென்டிரைவைக் கணினி நன்றாக இருக்கும்போதே தயார் செய்துகொள்வது நல்லது. 8 ஜிபி போதும்; அதில் முன்பு இருந்தவை அழிந்துவிடும்.

மாலை இடியில் மின்சாரம் போய், பிறகு கறுப்புத் திரை மட்டும் வந்தால் வட்டின் கோப்பமைப்பு குழம்பியிருக்கலாம். இயக்கும்போது ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் விசையைத் தட்டினால் வரும் பட்டியலில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ இருக்கும். அங்குள்ள ‘ரெக்கவரி மோட்’ வட்டைச் சரிபார்க்க உதவும். மேம்படுத்திய மறுநாள் கோளாறு வந்ததென்றால், அதே இடத்தில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம். ‘டைம்ஷிஃப்ட்’ இருக்கிறதே என்று பலர் நம்பியிருப்பார்கள். அது அமைப்பைத்தான் மீட்கும். இயல்பான அமைவில் படங்களையும் ஆவணங்களையும் அது சேமிப்பதில்லை.

கடவுச்சொல் சரியாக இருந்தும் உள்நுழைவுத் திரையே திரும்பத் திரும்ப வந்தால், வட்டு நிரம்பியிருப்பதும் ஒரு காரணம். பென்டிரைவ் வழியாக நுழைந்து பெரிய காணொளிகளை வெளியேற்றினால் இடம் கிடைக்கும்.

வைஃபை பட்டியலே தெரியவில்லையா? பிராட்காம் போன்ற சில வைஃபை அட்டைகளுக்குத் தனி இயக்கி வேண்டும். அதை இறக்க இணையம் வேண்டுமே என்று தவிக்க வேண்டாம்; கைப்பேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்து ‘டெதரிங்’கை முடுக்கிவிட்டு, ‘டிரைவர் மேனேஜர்’ மூலம் அதை ஏற்றலாம். இணையம் இருந்தும் எல்லாத் தளங்களும் ‘பாதுகாப்பற்றது’ என்று வந்தால் கணினியின் தேதியைப் பாருங்கள். உள்ளே இருக்கும் சிறு பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கலாம். மேசைக் கணினிகள் பலவற்றில் அது சிஆர்2032.

காகிதம் சிக்கிய பிறகு அச்சுப்பொறி ஊமையாகிவிட்டால், அமைப்பில் அது ‘பாஸ்’ நிலையில் நின்றிருக்கக்கூடும்; மீண்டும் இயக்கிவிட்டால் போதும்.

தமிழ் எழுத்துகள் கட்டங்கட்டமாகத் தெரிந்தால் லோகித் அல்லது நோட்டோ தமிழ் எழுத்துருவை ஏற்ற வேண்டும். தட்டச்சுக்கு ஐபஸ், எம்17என் ஆகிய இரண்டையும் நிறுவினால் தமிழ்99, ஒலிப்புமுறை இரண்டும் கிடைக்கும். கோயில் நிர்வாகத்தின் பழைய அறிக்கையைத் திறந்ததும் புரியாத ரோமன் குறிகளாக வந்தால் பயப்பட வேண்டாம். அது டிஸ்கி போன்ற பழைய குறியாக்கத்தில் அடித்ததாக இருக்கலாம். அழிக்காமல், எழுத்துரு மாற்றியில் ஒட்டி யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம்.