சிறிய காருக்கு ஏற்ற டயர்

மோட்டார் வண்டி எத்துணை விலையுயர்ந்ததாயினும், அது தரையைத் தொடும் இடங்கள் நான்கே. ஒவ்வோர் இடமும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அகலமே உடையது. எஞ்சினின் ஆற்றலும், பிரேக்கின் வலிமையும், ஓட்டுபவரின் கைத்திறனும் அந்த நான்கு இடங்களின் வழியாகவே தரையைச் சேர்கின்றன. பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றுக்குப் புது டயர் வாங்கப் புகுவோர் முதற்கண் நினைவிற்கொள்ள வேண்டுவது இதுவே.

காற்றடைத்த டயரின் வரலாறு சுவையானது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845-ஆம் ஆண்டிலேயே அதற்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் அதனை வேண்டி நிற்கும் வண்டி அன்று இல்லை. ஆகவே அக்கருத்து உறங்கிற்று. பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராயிருந்த ஜான் பாய்டு டன்லப், தம் மகனது மூன்று சக்கர சைக்கிளின் பொருட்டு அதனைத் தாமே புதிதாகக் கண்டு, 1888-இல் காப்புரிமை பெற்றார். 1895-இல் நடந்த பாரிஸ்–போர்தோ–பாரிஸ் போட்டியில் மிஷலின் சகோதரர்கள் காற்று டயர் பூட்டிய காரை ஓட்டினர். வழியெல்லாம் டயர்கள் பழுதுற்றன, வெற்றி கிட்டவில்லை. எனினும், மோட்டாரும் காற்றின்மீது ஓடவல்லது என்பதை உலகம் கண்டது.

அடுத்த பெரிய மாறுதல் கண்ணுக்குப் புலப்படாத இடத்தில் நிகழ்ந்தது. அதுவரை டயரினுள் இருந்த இழைகள் ஒன்றையொன்று சாய்வாகக் குறுக்கிட்டுச் சென்றன. மிஷலின் நிறுவனம் 1946-இல் காப்புரிமை கோரிய ரேடியல் டயரில், இழைகள் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்திற்கு நேராகச் சென்றன. தரையைத் தொடும் பகுதியின் அடியில் எஃகுப் பட்டை வலுவூட்டிற்று. 1949-இல் அது விற்பனைக்கு வந்தது. பக்கச் சுவர் வளைந்து கொடுக்க, அடிப்பகுதி தரையோடு படிந்து நின்றது. பிடிப்பும் மிகுந்தது, உழைப்பும் நீண்டது.

இங்கிலாந்தில் ஆபிங்டன் நகரில் 1961 முதல் 1979 வரை செய்யப்பெற்ற எம்.ஜி. மிட்ஜெட் என்னும் சிறு காரை எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் அதற்குப் பூட்டப்பட்டது 5.20–13 அளவுள்ள குறுக்கிழை டயர். பின்னாளில் 145 அளவுள்ள ரேடியல் டயர் அதன் இடத்தைப் பிடித்தது. இன்று அதன் உரிமையாளர் எதனை வாங்குவது?

இரண்டில் எதுவாயினும் ஓரினமாக நான்கையும் பூட்டுதல் நன்று. முன்னே ரேடியலும் பின்னே குறுக்கிழையும் வைத்தால், முன்சக்கரம் பிடித்து நிற்கப் பின்சக்கரம் வழுக்கும். வளைவில் வண்டி சுழன்றுவிடும். அகலமான டயர் அழகாகத் தோன்றலாம். ஆயின் அது சக்கர வளைவில் உராயும். ஸ்டியரிங்கைக் கனக்கச் செய்யும். டயரின் உயரம் மாறினால் வேகமானியும் பொய் சொல்லும்.

எல்லாவற்றினும் ஏமாற்றவல்லது வயது. ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி உறுதிப்படுத்தும் முறையைச் சார்லஸ் குட்இயர் 1839-இல் கண்டார். அவ்வுறுதியும் நிலையானதன்று. காற்றும் வெயிலும் ஆண்டுதோறும் ரப்பரைக் கடினமாக்குகின்றன. ஞாயிறுதோறும் மட்டும் வெளியே வரும் காரின் டயர் தேய்வதில்லை. ஆனால் முதுமை அடைகிறது. அதன் பள்ளங்கள் ஆழமாயிருப்பது கண்டு உரிமையாளர் மகிழ்வார். மழை பெய்த சாலையில் திடீரென்று பிரேக்கை அழுத்தும்போதுதான் உண்மை வெளிப்படும்.

ஆகவே டயரின் பக்கச் சுவரைப் படியுங்கள். 2000-ஆம் ஆண்டு முதல், செய்த காலம் நான்கு இலக்கங்களால் குறிக்கப்படுகிறது. 2319 என்றிருந்தால், 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் என்பது பொருள். கடையில் புதிதென விற்கப்படும் டயரிலும் இவ்விலக்கங்களைப் பார்த்தே பணம் கொடுத்தல் வேண்டும். பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அதனை மாற்றவேண்டும் என்பது பல நாடுகளின் சட்டம். ஆனால் ஆழம் மிகுந்திருப்பதனாலேயே டயர் நல்லதாகிவிடாது.

தாம்சனும் டன்லப்பும் மனிதனுக்குத் தந்தது சொகுசு மட்டுமன்று, நம்பிக்கையுமாகும். அந்நம்பிக்கையைக் கண்ணின் தீர்ப்புக்கு விடாமல், இழையின் வகையையும் பிறந்த காலத்தையும் கேட்டறிந்து வாங்குவதே அறிவுடைமை. ஓட்டுபவர் உயிரும், எதிரே வருவோர் உயிரும் அந்த நான்கு உள்ளங்கை இடத்தைப் பற்றியே நிற்கின்றன.