சமதளம்

பெட்டிமுடிக்கு நான் போனது சரிவு நடந்து இரண்டு வருஷம் கழித்து. ஓடையோரம் கிடந்த பாறைகளில் சில என் உயரத்துக்கு மேல். தண்ணி இவ்வளவு பெரிய கல்லை எப்படி உருட்டும் என்று யோசித்தேன். தண்ணீர் மட்டும் உருட்டுவதில்லை. மண்ணும் சரளையும் மரமும் மழைநீரும் சேர்ந்து தோசை மாவுபோல் ஆனால், அந்தக் குழம்பு பாறைகளைச் சுமந்துகொண்டே ஓடும்.

2020 ஆகஸ்ட் 6, ராத்திரி. இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குள், மேட்டில், மலை விட்டுக்கொடுத்தது. கீழே லயங்களில் தேயிலைத் தொழிலாளர் குடும்பங்கள். 70 பேர் போனார்கள். அதில் 4 பேரின் உடல் கிடைக்கவே இல்லை. கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை. வெளியே தெரியவே மறுநாள் காலையாகிவிட்டது. செத்துப்போனவர்களில் பலருடைய பூர்வீகம் கயத்தாறு பக்கம்.

மூணாறு மலைகள் கிரானைட், நைஸ் மாதிரியான பழைய கெட்டிப் பாறை. அப்புறம் எப்படிச் சரிகிறது? சரிவது பெரும்பாலும் பாறையல்ல, அதன்மேல் போர்த்தியிருக்கும் மண். இறங்கும் மழைநீரில் பெரும்பகுதியைக் கெட்டிப் பாறை உள்ளே விடுவதில்லை. அது மண்ணுக்கும் பாறைக்கும் நடுவே தேங்கும். துகள்களுக்கிடையே நீரின் அழுத்தம் ஏற ஏற மண்ணின் பிடி தளரும். அதிலும் மலைச்சரிவில் உள்ளங்கைபோல் குழிந்த இடங்கள் உண்டு. மண்ணும் அங்கேதான் சேரும், நீரும் அங்கேதான் கூடும். அது உடைந்தால் நேராக ஓடைத்தடத்தில்தான் இறங்கும்.

ஓடை மலையை விட்டு இறங்கும் இடத்தில் ஒரு சின்னச் சமதளம் இருக்கும். பார்க்க அழகாக, வீடு கட்ட வசதியாக. பெரும்பாலும் அது பழைய சரிவுகள் கொண்டுவந்து கொட்டியதுதான். சரிவு மறுபடி வரும்போது தன் பழைய இடத்துக்கு வருகிறது, அவ்வளவுதான். நடுவில் நாம் போய் உட்கார்ந்திருக்கிறோம்.

நாம் என்றா சொன்னேன்? உட்கார வைக்கப்பட்டோம். 1877-இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாறு அரசரிடம் இந்த மலைகளைக் குத்தகைக்கு எடுத்த பிறகு, காட்டை அழித்துத் தோட்டம் போட்டார்கள். ஆள் எங்கே தங்குவது என்பது மேலிருந்து முடிவானது. மலை எச்சரிக்காமலும் இல்லை. 1924 ஜூலை வெள்ளத்தில் மண்சரிவும் நீரும் குண்டளை ரயில் பாதையையே அழித்தன. அந்த ரயில் திரும்ப ஓடவேயில்லை. லயங்கள் மட்டும் பள்ளத்தாக்குகளில் தொடர்ந்தன.

கடலுக்கு அப்பால் இலங்கையிலும் இதே கதை. கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29 காலை, மலை லயன்களை மூடியது. அங்கேயும் தோட்டத் தமிழர்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005-லும் 2011-லும் ஆபத்தைச் சொல்லியிருந்தது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். திரும்பி வர வீடில்லை. எச்சரிக்கைக் காகிதம் இருந்தும் ஒதுங்கிப் போக மாற்று நிலம் இல்லையென்றால், அது யாருடைய பிழை? இதை இயற்கைச் சீற்றம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

என் அம்மாச்சி மூணாறுப் பக்கத்து லயம் ஒன்றில் பிறந்தவர். பெட்டிமுடியிலிருந்து வந்த அன்று, "ஏன் அம்மாச்சி ஓடைக்குப் பக்கத்துலயே இருந்தீங்க?" என்று கேட்டேன்.

"தண்ணி எடுக்கச் சுளுவா இருந்துச்சு," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "மழைக்காலத்துல ராத்திரி கல்லு உருள்ற சத்தம் கேக்கும். எங்க அப்பா எந்திரிச்சு வாசல்ல உக்காந்திருப்பாரு. விடிஞ்சதும் சங்கு ஊதும், வேலைக்குப் போயிருவாரு."