நாயின் நோயும் நாட்டின் ஏடும்

மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை நீளும் எமது கரையோர ஊர்களில் நாய்கள் திரியாத தெரு இல்லை. மீன்வாடிக் கழிவும் சந்தைக் குப்பையுமே அவற்றின் உணவு. குட்டிகள் பிறக்கின்றன, அவற்றுட் பல வாந்தியும் குருதிக் கழிச்சலும் கண்டு இரண்டு மூன்று நாட்களில் மடிகின்றன. மணலில் ஒரு குழி தோண்டி மூடிவிட்டு நாம் நமது வேலையைப் பார்க்கப் போகின்றோம். எந்த ஏட்டிலும் அது பதியப்படுவதில்லை. ஆயினும், இத்தகைய கழிச்சலை உண்டாக்கும் நோய்களுள் முதன்மையான பார்வோ வைரசு நோய்க்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாறு எவ்வாறு எழுதப்பட்டது என்பதை நோக்கின், நமது சமுதாயத்தைப் பற்றியும் சில உண்மைகள் புலப்படும்.

1978ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஏறத்தாழ ஒரே வேளையில் நாய்கள் கூட்டங் கூட்டமாக மடியத் தொடங்கின. கோர்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மக்ஸ் அப்பெல், லீலண்ட் கார்மைக்கேல் முதலிய அறிஞர்கள் இப்புதிய வைரசை ஆராய்ந்தனர். பூனைகளைத் தாக்கும் பழைய வைரசு ஒன்றின் நெருங்கிய உறவே இது என்பது தெளிவாயிற்று. சின்னஞ்சிறு மாற்றங்கள் சில அதற்கு நாயின் உடலுக்குள் வழி திறந்துவிட்டன. இரண்டு ஆண்டுகளுக்குள் அது உலகெங்கும் பரவிவிட்டது. 1982இல் இராமதாஸ், காதர் ஆகிய ஆய்வாளர்கள் இந்தியாவில் அதனைக் கண்டறிந்து எழுதினர். முதல் வடிவத்தைச் சில ஆண்டுகளில் புதிய வடிவங்கள் அகற்றின. 2000ஆம் ஆண்டில் இத்தாலியில் மற்றொரு வடிவம் காணப்பட்டது.

1978இல் வெளிப்பட்ட நோய் எப்போது தோன்றியது என்பதை அறிஞர் எங்ஙனம் அறிந்தனர்? வேறு காரணங்களுக்காக முன்னரே எடுத்துக் குளிரில் வைக்கப்பட்டிருந்த நாய்க் குருதியின் சீரத்தை அவர்கள் மீண்டும் எடுத்துச் சோதித்தனர். வைரசை எதிர்த்து உடல் உண்டாக்கும் பிறபொருளெதிரி அதில் இருக்கின்றதா என்று தேடினர். கிரேக்கத்தில் 1974ஆம் ஆண்டுக் குருதியிலும், ஒல்லாந்திலும் பெல்ஜியத்திலும் 1976ஆம் ஆண்டளவில் எடுத்த குருதியிலும் அதன் தடயம் இருந்தது. நோய் வெளிப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே வைரசு அங்கு நடமாடியிருக்கின்றது. கல்வெட்டைப் படித்து மன்னனின் காலத்தைக் கணிப்பது போல, குருதியைப் படித்து நோயின் காலத்தைக் கணித்தனர்.

ஆனால் கல்வெட்டு இருக்கும் இடத்திற்றான் அதனைப் படிக்க முடியும். குருதி சேமிக்கப்பட்ட இடத்திற்றான் வரலாறு எழுதப்பட்டது. ஆய்வுகூடமும் குளிர்பெட்டியும் உள்ள நாடுகளின் நாய்களுக்கு வரலாறு கிடைத்தது. கட்டாக்காலி நாய்க்கு மணற்குழியே கிடைத்தது. ஏழை மனிதனின் வரலாறும் பெரும்பாலும் இவ்வாறுதான் மறைந்தது என்பதை நமது வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

நமது தீவில் அரசின் ஏட்டில் நாய் எப்போது இடம்பெற்றது? பிரித்தானியர் ஆட்சியில் 1893இல் விசர்நாய் நோய்க் கட்டளைச் சட்டமும், 1901இல் நாய்கள் பதிவுக் கட்டளைச் சட்டமும் பிறந்தன. மனிதனைக் கடிக்கும் பிராணியாக, கட்டணம் செலுத்தப்பட வேண்டிய உடைமையாக, பதிவில்லையேல் கொல்லப்பட வேண்டியதாக நாய் எழுதப்பட்டது. கொலை நீண்ட காலம் நடந்தது, நோயோ ஒழியவில்லை. 1973இல் மட்டும் 377 மனிதர் விசர்நாய் நோயால் இறந்தனர். பின்னர் நாய்களுக்குப் பரவலாகத் தடுப்பூசி இடப்பட்டது. கடியுண்டோருக்கு அரசாங்க வைத்தியசாலைகளில் இலவசமாக ஊசி கிடைத்தது. 2012இல் இறந்தோர் தொகை 38 ஆகக் குறைந்தது. இதற்கிடையே 2006இல் நாய்களைக் கொல்லும் முறையையும் அரசு கைவிட்டது. தடியினால் முடியாததை ஊசி முடித்தது. இலவச மருத்துவம் என்னும் பொதுவுடைமையின் வெற்றி இது.

பார்வோ வைரசு மனிதனைத் தொற்றுவதில்லை. ஆகவே அதைப் பற்றி நமக்கென்ன கவலை என்று கேட்போர் உண்டு. அவர்கள் ஒரு கணக்கை மறந்துவிடுகின்றனர். ஓர் ஊரின் நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி இட்டால் விசர் நோயின் சங்கிலி அறுபடும் என்பது உலக சுகாதார நிறுவனம் கொள்ளும் அளவு. நாய்கள் விரைந்து மடிந்து, அவற்றின் இடத்தில் புதிய குட்டிகள் விரைந்து பிறக்குமானால், இன்று எட்டிய எழுபது சில மாதங்களிலேயே சரிந்துபோகும். தடுப்பூசி பெற்ற நாய் மண்ணுக்குள். பெறாத குட்டி தெருவில். அக்குட்டி வளர்ந்து கடிப்பது யாரை? மோட்டார் வண்டியிற் செல்வோனை அன்று. விடியலில் கரைவலை இழுக்கப் போகும் தொழிலாளியையும் பள்ளிக்கு நடந்து செல்லும் அவன் பிள்ளையையுமே. ஊசி இலவசமாயினும், அதற்காக வைத்தியசாலைக்குப் பலமுறை அலையும் நாட்களின் கூலியை யாரும் திருப்பிக் கொடுப்பதில்லை.

நாயைத் தொடுவது நமது முஸ்லிம் ஊர்களின் வழக்கமன்று என்று கூறி இப்பொறுப்பினின்று விலகுவோருக்கும் ஒரு சொல். ஷாபி மத்ஹபில் நாயின் ஈரம் பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரால் என்பது சட்டம். அது தூய்மை பற்றிய சட்டம். புறக்கணிப்புக்கு அளித்த அனுமதியன்று. தாகத்தால் தவித்த நாய்க்குக் காலணியில் நீர் மொண்டு கொடுத்தவன் மன்னிக்கப்பட்ட செய்தியை நம் மதரசாச் சிறுவனும் அறிவான். குகைத் தோழரின் வாயிலிற் படுத்திருந்த நாயைத் திருமறையே நினைவில் வைத்திருக்கின்றது.

பார்வோ வைரசு நிலத்திற் பல மாதங்கள் உயிர்த்திருக்கும். நமது செருப்பிலே ஒட்டி வீடு வீடாகச் செல்லும். சாதாரண சவர்க்காரம் அதனை அழிப்பதில்லை. சலவைத் தூளின் குளோரின் அழிக்கும். குட்டிக்குரிய காலத்தில் இடும் தடுப்பூசி அதனைத் தடுக்கும். இவை யாவும் அறியப்பட்ட உண்மைகள். குறையாக இருப்பது ஏடு ஒன்றே.

விஞ்ஞான ஆசிரியர்களையும் மாணவர்களையும் நாம் கேட்பது இதுதான்: ஒரு கொப்பியை எடுங்கள். எந்தத் தெருவில், எந்தத் திகதியில், எத்தனை குட்டிகள், என்ன அறிகுறியுடன் மடிந்தன என்று எழுதுங்கள். நோயுற்ற நாயைத் தொட வேண்டாம். பார்த்து எழுதினாற் போதும். மாத இறுதியில் அதனைக் கால்நடை வைத்தியரிடம் கொடுத்து, ஊசி எங்கே என்று கேளுங்கள். எண்ணப்படாதவற்றுக்காக எந்த ஆட்சியும் தானாகப் பணம் ஒதுக்கியதில்லை. எண்ணத் தொடங்கிய நாள் முதலே கேட்கும் உரிமையும் நமக்குத் தொடங்குகின்றது.