தவளைக்குப் பெயர் வைத்த கதை

"தவளை தன் வாயால் கெடும்" என்று நம்மூரில் சொல்வார்கள். இந்தப் பழமொழியின் மூத்த வடிவம் பழமொழி நானூறில் இருக்கிறது. அங்கே வருவது வெறும் தவளை அல்ல, நுணல். மணலுக்குள் புதைந்து கிடக்கும் ஒரு வகை. சும்மா இருந்தால் யாருக்கும் தெரியாது, ஆனால் கத்திக் காட்டிக்கொடுத்துக்கொள்ளும். வாயை அடக்கு என்று புத்தி சொல்ல எழுதிய பாட்டுத்தான். எனக்கு என்னவோ அதில் வேறொரு விஷயம் கண்ணில் படுகிறது. மணலுக்குள் கிடப்பதைக் கண்ணால் பிடிக்க முடியாது, காதால்தான் பிடிக்க முடியும் என்று அந்தப் புலவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த வகைக்கென்று மொழியில் தனியாக ஒரு சொல்லும் இருந்திருக்கிறது.

இந்தச் சின்ன விஷயம் விலங்கியல் உலகத்துக்கு உறைக்க ஏறக்குறைய இருநூறு வருடம் ஆனது. அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். (பி.காம். படிக்கிறவனுக்குத் தவளை எதற்கு என்று கேட்கும் நண்பர்கள், கொஞ்சம் பொறுங்கள். வவுச்சரும் ஏற்றுமதியும் வழியில் வரும்!)

முதலில் நம் பெயர்க் குழப்பம். பாடப்புத்தகம் தவளை, தேரை என்று இரண்டாகப் பிரித்துவிட்டு, சொரசொரப்பான தோல் உள்ளது தேரை என்கிறது. ஆனால் எங்கள் பக்கம் தேரை என்றால் குளியலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒல்லியான ஆசாமி. அது உண்மையில் மரத்தவளை. விரல் நுனியில் சின்ன வட்டத் தட்டு இருக்கும், அதை வைத்துத்தான் சுவரில் ஏறுகிறது. மழை விட்டதும் தெருவிளக்கின் கீழே உட்கார்ந்து பூச்சி பிடிக்கும் சொரசொரப்பான பிராணிக்கு எங்கள் ஊரில் சொறித்தவளை என்று பெயர். அடுத்த மாவட்டத்தில் வேறு மாதிரி சொல்வார்கள். ஊருக்கு ஊர் பெயர் மாறுவதால்தான் உலகம் முழுக்கச் செல்லும்படி ஒரு பெயர் வேண்டும் என்று அறிவியல்காரர்கள் கிளம்பினார்கள்.

அந்தச் சொறித்தவளைக்கு 1799ல் பெயர் வைத்தவர் யோஹான் காட்லோப் ஷ்னைடர் என்ற ஜெர்மானியர். வேடிக்கை என்னவென்றால் அவர் அடிப்படையில் கிரேக்க, லத்தீன் பண்டிதர். கிரேக்க-ஜெர்மன் அகராதி தொகுத்தவர். இந்தியப் பக்கம் வந்ததே இல்லை. பெர்லினில் மார்க்கஸ் எலீசர் ப்ளாக் என்ற மருத்துவர் சேர்த்து வைத்திருந்த ஜாடிகளைப் பார்த்து எழுதினார். ப்ளாக்குக்கு நம் கடற்கரையிலிருந்து மீன்களையும் பிற உயிரினங்களையும் அனுப்பி வைத்தவர் தரங்கம்பாடியில் டேனிஷ் மிஷனில் இருந்த கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் பாதிரியார். நன்றிக்கடனாக ப்ளாக் ஒரு மீன் இனத்துக்கு 'ஜானியஸ்' என்று பெயர் வைத்தார். நம் கத்தாளை மீன் குடும்பம். அந்தக் குடும்பத்து மீன்கள் தண்ணீருக்குள் சத்தம் போடுவதற்குப் பேர்போனவை என்பது தனி வேடிக்கை.

ஷ்னைடர் சொறித்தவளைக்கு வைத்த பெயர் மெலனோஸ்டிக்டஸ், அதாவது கரும்புள்ளிகள் உள்ளது. தப்பு சொல்ல முடியாது. அதன் கொப்புளங்களின் முனை கருப்பாகத்தான் இருக்கும், தலையில் கருப்பு வரப்புகளும் உண்டு. ஆனால் சாராயத்தில் ஊறிய உடம்பில் மிஞ்சுவது அதுதான். நிறம் வெளுத்துப் போகும். கண்ணின் பளபளப்பு போய்விடும். குரலுக்கு அங்கே இடமே இல்லை. ராத்திரியில் சில நொடிகள் விடாமல் 'குர்ர்ர்ர்' என்று இழுக்கும் அந்தச் சத்தத்தை ஷ்னைடர் கேட்டிருக்க வாய்ப்பில்லை.

அதற்குப் பிறகு வந்த நூறு வருடமும் ஏறக்குறைய இதே பாணிதான். 1834ல் லெஸ்ஸோன் என்ற பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியிலிருந்து போன பச்சைக் குளத்தவளைக்கு 'ஆறு விரல்' என்று பொருள்படும் ஹெக்ஸாடாக்டைலா என்ற பெயரை வைத்தார். பின்காலில் ஐந்து விரல்தான், பக்கத்தில் விரல் போல நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன முண்டையும் சேர்த்தால் ஆறு. வளர்ந்த பிறகு பெரும்பாலும் தாவரம் தின்கிற அபூர்வத் தவளை இது என்பதை 1996ல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் பெயர் விரல் கணக்கோடு நின்றுவிட்டது. மதராஸ் ராணுவத்தில் மருத்துவராக இருந்த ஜெர்டனும், காட்டிலாகாவில் இருந்த பெட்டோமும் காடுகளில் அலைந்து சேகரித்தவர்கள்தான். அவர்கள் காதில் சத்தம் விழாமல் இருந்திருக்காது. ஆனால் பெட்டோம் அனுப்பியவை லண்டன் அருங்காட்சியகத்துக்குப் போய், அங்கே குந்தர் கையில் சேர்ந்தபோது மறுபடியும் ஊமை உடம்புகள்தான். பூலெஞ்சர் 1890ல் பிரிட்டிஷ் இந்தியாவின் ஊர்வனவற்றையும் தவளைகளையும் தொகுத்து ஒரு பெரிய புத்தகம் போட்டார். அதில் அடையாளம் காணும் வழி மேல்வாயில் பல் உண்டா, விரல் நுனியில் தட்டு உண்டா, விரலிடைச் சவ்வு எதுவரை, செவிப்பறை தெரிகிறதா, இவைதான். நல்ல வழிதான், இன்றும் பயன்படுகிறது. ஆனால் தவளையைப் பிடித்து வாயைத் திறக்க வேண்டும்!

இங்கேதான் நம் வவுச்சர் வருகிறது. கணக்கில் ஒரு பதிவு போட்டால் அதற்கு வவுச்சர் வேண்டும் என்று முதலாண்டிலேயே சொல்லித் தருகிறார்கள் அல்லவா? அருங்காட்சியகத்துக்காரர்களும் ஜாடியில் வைத்த உடம்பை வவுச்சர் என்றே சொல்கிறார்கள். அதிலும் ஓர் இனத்துக்கு முதன்முதலாகப் பெயர் வைத்தபோது பயன்பட்ட மாதிரி ரொம்ப முக்கியம். பின்னாளில் சந்தேகம் வந்தால் அதை எடுத்துப் பார்க்க வேண்டும்.

பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் விலங்கியல் பேராசிரியராக இருந்த சி.ஆர். நாராயண ராவ், 1937ல் தென்னிந்தியத் தவளைகளில் பல புதியவற்றை விவரித்து எழுதினார். 'கரண்ட் சயின்ஸ்' இதழின் முதல் ஆசிரியரும் இவர்தான். வெள்ளைக்காரர்கள் லண்டனுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில் இங்கேயே சேகரித்து இங்கேயே பெயர் வைத்த மனிதர். ஆனால் அவருடைய மாதிரிகள் பிற்காலத்தில் தொலைந்து போயின. வவுச்சர் போய்விட்டது, பதிவு மட்டும் நிற்கிறது. ஆடிட்டர் என்ன செய்வார்? அதே தலைவலிதான் தவளை ஆய்வாளர்களுக்கும். அவர் சொன்ன தவளை எது என்று அச்சில் உள்ள வர்ணனையை வைத்தே தேட வேண்டியதாயிற்று.

இதற்கிடையே தவளையை அடையாளம் காண்பதில் கெட்டிக்காரர்களாக இன்னொரு கூட்டமும் இருந்தது. தவளைக்கால் வியாபாரிகள். வெளிநாட்டு உணவு விடுதிகளுக்காக ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான டன் கால்கள் உறையவைத்துக் கப்பலேறிய காலம் உண்டு. அவர்களுக்கு முக்கியமாக வேண்டியது இரண்டே இனம்: புலித்தவளை எனப்படும் பெரிய தவளையும், மேலே சொன்ன ஆறுவிரல்காரனும். மழைக்காலத்தில் ஆண் புலித்தவளை எலுமிச்சை மஞ்சளாக மாறி, தொண்டையின் இரு பக்கமும் நீலப் பைகளை ஊதிக்கொண்டு கத்தும். கூட்டமாக அகப்படுவதும் அப்போதுதான். பழமொழி அப்படியே பலித்தது. 1985ல் இவ்விரண்டும் சர்வதேச வாணிபக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்ந்தன. 1987ல் இந்தியா ஏற்றுமதியையே நிறுத்தியது. தோல் உரித்து உறையவைத்த காலை வைத்து எது எந்த இனம் என்று சுங்க அதிகாரி எப்படிச் சொல்வார்? நிறமும் இல்லை, சத்தமும் இல்லை. ஒரு வகையில் அதுவும் சாராய ஜாடி மாதிரிதான். அந்நியச் செலாவணி வந்தது உண்மை. வயலில் பூச்சி தின்ன ஆள் இல்லாமல் போன செலவை யார் எந்தப் பேரேட்டில் எழுதினார்கள்?

சரி, குரலுக்கு வருவோம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் ஒலியைப் படமாக வரையும் கருவி வந்தது. 1958ல் சார்லஸ் போகெர்ட் என்பவர் வட அமெரிக்கத் தவளைகளின் சத்தத்தை இசைத்தட்டாகவே வெளியிட்டார். இந்தப் பக்கத்து ஆய்வுகளின் மூலம் தெளிவான விஷயம் எளிமையானது. கத்துவது பெரும்பாலும் ஆண், கேட்டு வருவது பெண். ஒரே குளத்தில் ஐந்தாறு இனம் ஒரே நேரத்தில் கத்தும்போது பெண் தவளை இருட்டில் தன் இனத்து ஆணைக் குரலை வைத்துத்தான் தேர்ந்தெடுக்கிறது. அதாவது தவளைகள் ஒன்றையொன்று அடையாளம் காண்பதே காதால். நாம் மட்டும் கண்ணால் பிரித்துக்கொண்டிருந்தோம்.

கண்ணை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு வயல் தவளையே சாட்சி. நாற்றங்காலில் துள்ளுமே, பழுப்பு நிறத்தில் சின்னதாக, அதுதான். 1829ல் ஜாவாத் தீவின் தவளைக்கு லிம்னோகாரிஸ் என்று ஒரு பெயர் வைத்தார்கள். பார்க்க அதே மாதிரி இருந்ததால் இந்தியத் தவளைகளுக்கும் நூறு வருடத்துக்கு மேல் அந்தப் பெயரையே போட்டு எழுதினார்கள். 2007ல் ஜப்பானிய, இந்திய ஆய்வாளர்கள் கர்நாடகப் பகுதி மேற்குத் தொடர்ச்சி மலையில் உடல் அளவு, மரபணு, குரல் மூன்றையும் ஒப்பிட்டு நான்கு புதிய இனங்களைப் பிரித்தார்கள். வயலில் கத்திக்கொண்டிருந்தவைதான், புதிதாக எங்கிருந்தோ வந்தவை அல்ல.

குரலை ஒப்பிடுவது என்றால் காது கொடுத்துக் கேட்டு 'க்ரோக்', 'டக்டக்' என்று எழுதுவது மட்டுமல்ல. ஒரு கத்தலில் எத்தனை துடிப்பு, எவ்வளவு நீளம், எந்த அலைவரிசையில் அழுத்தம் என்று அளப்பார்கள். தவளை குளிர்ரத்தப் பிராணி என்பதால் குளிரில் மெதுவாகவும் வெப்பத்தில் வேகமாகவும் கத்தும். எனவே வெப்பநிலையையும் குறித்துக்கொள்ள வேண்டும். இருந்தாலும் நம்மைப் போன்றவர்களுக்கு வெறும் காதே பாதி வேலையைச் செய்துவிடும். சுவரில் ஏறும் மரத்தவளை யாரோ மரத்தைத் தட்டுவது போல 'டக் டக் டக்' என்னும். இரண்டு செண்டிமீட்டர் சொச்சமே உள்ள குறுவாய்த் தவளை சீப்பின் பல்லை விரலால் உரசியது போல ஒலிக்கும். உருவத்துக்கும் சத்தத்துக்கும் சம்பந்தமே இருக்காது! குளத்தில் கல் எறிந்தால் தண்ணீரின் மேல் தத்தித் தத்தி ஓடுகிறதே, அதற்குக் குரல்கூட வேண்டாம், ஓட்டத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

காதின் அருமை மலைக்காடுகளில்தான் முழுதாகத் தெரிந்தது. 2003ல் பிஜு, போசுட் இருவரும் இடுக்கிப் பகுதியிலிருந்து ஊதாத் தவளையை அறிவித்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. ஊதிய உடம்பு, கூர்மூக்கு, நெருங்கிய சொந்தம் இருப்பதோ செஷல்ஸ் தீவில். ஆனால் இதன் தலைப்பிரட்டையை 1910களின் கடைசியிலேயே அன்னண்டேல் விவரித்துவிட்டார், எந்தத் தவளையின் குழந்தை என்றுதான் தெரியவில்லை. மலைவாழ் மக்கள் அதைப் பிடித்துச் சாப்பிட்டும் வந்திருக்கிறார்கள். வருடம் முழுக்க மண்ணுக்குள் கறையான் தின்று, இனப்பெருக்கத்துக்குச் சில நாட்கள் மட்டும் மேலே வரும் பிராணியை எப்படிப் பார்ப்பது? 2014ல் வெளிவந்த ஆய்வின்படி ஆண் தவளை மெல்லிய மண் மூடியபடியே உள்ளிருந்து கத்துகிறது. நுணல் நினைவுக்கு வருகிறதா? இரண்டும் ஒன்று என்று சொல்ல வரவில்லை, நுணல் என்றது வேறு ஏதாவது புதையும் தவளையாக இருக்கலாம். ஆனால் தேடும் முறை அதேதான். 2017ல் நம் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து மலைச்சரிவிலிருந்து இரண்டாவது ஊதாத் தவளை இனம் அறிவிக்கப்பட்டது. அதைத் தனி இனம் என்று நிறுவிய சான்றுகளில் குரலும் ஒன்று. 2014ல் மலையில் களப்பணியின்போது இறந்துபோன பூபதி என்ற ஆய்வாளரின் பெயர் அதற்கு.

அதே 2017ல் ஏழு புதிய இராத்தவளைகள் வந்தன. நான்கு இனம் கட்டைவிரல் நகத்தில் உட்காரும் அளவுதான். சருகுக்கடியில் இருந்துகொண்டு பூச்சி மாதிரி கத்துபவை. பார்த்தவர்கள் குட்டித் தவளை என்றும், கேட்டவர்கள் சுவர்க்கோழி என்றும் நினைத்துக் கடந்துபோக எல்லா வாய்ப்பும் உண்டு.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது சலஸோட்ஸ் என்ற புதர்த்தவளை. குந்தர் 1870களில் பெயர் வைத்தார். அதன்பின் 136 வருடம் யாரும் பார்த்ததாகத் தகவல் இல்லை. 2011ல் மறுபடி கிடைத்தது. பிறகு களக்காடு முண்டந்துறைக் காட்டில் ஆராய்ந்தபோது காரணம் புரிந்தது. ஆண் தவளை நாணல்மூங்கிலில் உள்ள ஒடுக்கமான கீறல் வழியாக உள்ளே நுழைந்து, கணுக்களுக்கு நடுவே உட்கார்ந்து கத்துகிறது. முட்டையும் அங்கேதான், காவலும் அங்கேதான். மூங்கில் கத்துகிறது என்றுதான் தோன்றும். இந்த மூங்கிலை வெட்டினால் கூடவே ஒரு குடும்பமும் போகும். அதனால் எந்த மூங்கிலில் சத்தம் வருகிறது என்று தெரிவது வெறும் பொழுதுபோக்கு விஷயம் இல்லை. 2023ல் வந்த உலகளாவிய மதிப்பீட்டில், நீர்நில வாழ்வனவற்றில் 41 சதவீத இனங்கள் அழியும் ஆபத்தில் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

இன்று எல்லோர் கையிலும் பதிவுக்கருவி இருக்கிறது. முதல் மழைக்குப் பிறகு ராத்திரி எட்டு மணிக்கு ஏதாவது குட்டைப் பக்கம் அரை நிமிடம் பதிவு செய்து, இடம், தேதி, நேரம் குறித்து ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளத்தில் ஏற்றினால் தெரிந்தவர்கள் இனம் சொல்வார்கள். தவளையைப் பிடிக்கவும் வேண்டாம், வாயைத் திறக்கவும் வேண்டாம்.

நாராயண ராவின் பெயரால் 2010ல் புதர்த்தவளைகளின் ஒரு பேரினத்துக்கே ராவோர்கெஸ்டஸ் என்று பெயர் சூட்டினார்கள். சலஸோட்ஸும் அதில்தான் சேர்ந்தது. அவர் 1937ல் விவரித்தவற்றில் சில பிறகு காட்டில் மீண்டும் கிடைத்தன. இன்னும் சில, அந்தக் கட்டுரையின் வர்ணனையில் மட்டும் இருக்கின்றன. அவற்றுக்கு ஜாடியில் உடம்பும் இல்லை, எங்கேயும் பதிவான குரலும் இல்லை.