பந்தயத்தடத்தில் சரக்கு வண்டி: 1953இல் பிரிந்த இரு வரலாறுகள்

மட்டாஞ்சேரி பஜார் சாலையின் நீரோர வரிசையிலுள்ள பழைய கிடங்குகள் தெருவுக்கு ஒரு கதவும் உப்பங்கழிக்கு ஒரு கதவுமாகக் கட்டப்பட்டவை. மிளகும் சுக்கும் அரிசியும் நெடுங்காலம் நீர்க்கதவு வழியாகவே வந்தன. வள்ளத்திலிருந்து தோளுக்கும் தோளிலிருந்து கிடங்குக்கும் மாறின. இன்று சரக்கின் பெரும்பகுதி தெருக்கதவு வழியே, சிறு சரக்கு வண்டிகளில் வருகிறது. எதிரே ஒரு வண்டி வந்தால் மற்றொன்று ஒதுங்கி நிற்க வேண்டிய தெரு அது. அங்கே ஒரு பிக்கப் வண்டியின் வேகத்தை அதன் எஞ்சின் தீர்மானிப்பதில்லை. முன்னால் மூட்டை இறக்கிக்கொண்டிருப்பவரின் தோள்தான் தீர்மானிக்கிறது.

இத்தகைய வண்டியைப் பந்தயத்தடத்தில் முழுவேகத்தில் ஓட்டுவது என்ற எண்ணம் மட்டாஞ்சேரியில் நகைப்பையே வரவழைக்கும். ஆனால் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் அதற்கென்றே வண்டிகள் செய்யப்பட்டுள்ளன, தொடர்பந்தயங்களும் நடந்துள்ளன. தென்னிந்தியாவில் மோட்டார் பந்தயத்துக்கு எழுபது ஆண்டு மரபு உண்டு. அந்த மரபுக்குள் சரக்கு வண்டி ஏன் நுழையவில்லை என்பது கேட்கத்தக்க கேள்வி. தொழில்நுட்பம் அதற்கு ஒரு பகுதி விடையை மட்டுமே தரும். எஞ்சிய விடையைத் தேட 1953க்குப் போக வேண்டும்.

அவ்வாண்டில் மூன்று நிகழ்வுகள். மே 11 அன்று கொச்சி வில்லிங்டன் தீவில் இந்தியக் கடற்படையின் முதல் விமானத்தளமான ஐ.என்.எஸ். கருடா பணியில் அமர்த்தப்பட்டது. செப்டம்பர் 15 அன்று, நீருக்கு இக்கரையில் மட்டாஞ்சேரியில், 'சாப்பா' முறையை எதிர்த்துப் போராடிய துறைமுகத் தொழிலாளர்மீது போலீசார் சுட்டனர். அதே ஆண்டில் சென்னையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தோன்றியது. இம்மூன்றையும் காரண காரியமாகக் கோப்பது பிழை. ஒன்றை மற்றொன்று அறிந்திருக்கவும் இல்லை. எனினும் நிலம், சுமை, வேகம் ஆகிய மூன்றும் யார் யாருடைய கைக்குப் போயின என்பதை இவற்றை அருகருகே வைத்தால்தான் காண முடிகிறது.

முதலில் நிலம். மோட்டார் பந்தயத்தின் போருக்குப் பிந்தைய வரலாறு பெருமளவு கைவிடப்பட்ட விமான ஓடுபாதைகளின் வரலாறு. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனும் குட்வுட்டும் 1948இல் பந்தயத்தடங்களானபோது இரண்டுமே போர்க்கால விமானத்தளங்களாக இருந்தவை. அமெரிக்காவின் செப்ரிங் தடத்துக்கும் அதே பூர்விகம். இந்தியாவில் கல்கத்தாவுக்கு பாரக்பூர், பம்பாய்க்கு ஜூஹு, சென்னைக்குச் சோழவரம். குண்டுவீச்சு விமானத்தின் எடையைத் தாங்கப் போடப்பட்ட தளம் ஒரு காரின் வேகத்தை எளிதில் தாங்கும். நீண்டது, நேரானது, ஊருக்கு வெளியே உள்ளது, உடைமையாளருக்கு உடனடித் தேவை இல்லாதது என்ற நான்கு தகுதிகளும் ஒருங்கே அமைந்த நிலம் வேறு எங்கும் எளிதில் கிடைத்திராது.

கொச்சியிலும் ஓடுபாதை ஒன்று இருந்தது. ராபர்ட் பிரிஸ்டோ துறைமுகத்தை ஆழப்படுத்தியபோது தோண்டிய மண்ணால் உருவான வில்லிங்டன் தீவில் அமைந்து, போர்க்காலத்தில் ராணுவத் தேவைக்காக விரிவாக்கப்பட்ட ஓடுபாதை அது. மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் நின்றால் அத்தீவு கண்ணெதிரே தெரியும். ஆனால் அந்த ஓடுபாதை ஒருபோதும் ஓய்வு பெறவில்லை. கடற்படை அதை எடுத்துக்கொண்டது. 1999இல் நெடும்பாசேரி நிலையம் திறக்கப்படும்வரை பயணிகள் விமானங்களும் அங்கேயே இறங்கின. கொச்சிக்கு ஒரு சோழவரம் வாய்க்காததற்கு ஆர்வலர் இன்மையைக் காரணமாகச் சொல்வதைவிட, ஓடுபாதை காலியாகாமையைச் சொல்வது பொருத்தம்.

அடுத்து, சோழவரத்தில் ஓடியவை எவை? சென்னைக்கு வடக்கே, ஏரிக்கு அருகிலிருந்த அந்தப் பழைய ஓடுபாதையில் 1980களின் இறுதிவரை பந்தயங்கள் நடந்தன. பிப்ரவரியில் நடக்கும் பந்தயத்துக்குத் திரண்ட கூட்டத்தைப் பற்றி முதியவர்கள் இன்றும் திருவிழாவைச் சொல்வதுபோலச் சொல்வார்கள். இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த காலம் அது. கோண்டல் அரச குடும்பத்தவர், விஜய் மல்லையா போன்ற ஒரு சிலரிடம் வெளிநாட்டுப் பந்தயக் கார்கள் இருந்தன. மற்றவர்களுக்கு வாய்த்தவை அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய மூன்றே. வீட்டுக் காரின் இருக்கைகளைக் கழற்றி, எடையைக் குறைத்து, கார்புரேட்டரை மாற்றி ஓட்டினார்கள். கோவையின் கரிவர்தன் போன்றோர் உள்ளூர் எஞ்சினைக் கொண்டே பந்தயக் கார் கட்டும் நிலைக்குச் சென்றதற்கு இந்தப் பற்றாக்குறையே பயிற்சிக்கூடம்.

ஆக, சோழவரம் இரவல்களால் ஆனது. நிலம் ராணுவத்திடமிருந்து வந்தது, வண்டி குடும்பத்திடமிருந்து வந்தது. ஆனால் சரக்கு வண்டி மட்டும் அந்த இரவல் பட்டியலில் சேரவில்லை. சென்னையில் ஹெரால்டைச் செய்த ஸ்டாண்டர்டு நிறுவனமே 'ஸ்டாண்டர்டு 20' என்ற சிறு சரக்கு வேனையும் செய்தது. ஹெரால்டு தடத்தில் ஓடியது. வேனுக்குச் சோழவரத்தில் ஏதேனும் வேலை கிடைத்திருந்தால், டயரும் உதிரிபாகமும் சுமந்து வந்து வேலியோரம் நின்ற வேலையாகவே அது இருந்திருக்கும்.

இதற்கு இயந்திரவியல் காரணம் உண்டு; அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. பிக்கப் வண்டி இரண்டு வேறுபட்ட வண்டிகளாக வாழ்கிறது: சுமையோடு ஒன்று, சுமையின்றி மற்றொன்று. எஞ்சினும் ஓட்டுநரும் முன்னால் இருப்பதால், காலி வண்டியின் எடை முன்சக்கரங்களின்மீது சாய்ந்திருக்கும். பின்புறத்தைத் தாங்கும் கமான் பட்டைகளோ ஒரு டன் சரக்கை எதிர்பார்த்து விறைத்து நிற்பவை. அந்த எதிர்பார்ப்பு பொய்த்துப்போன நிலையில், வளைவின் நடுவே ஒரு சிறு மேடு குறுக்கிட்டாலும் பின் அச்சு துள்ளும். பிரேக்கை அழுத்தினால் எடை மேலும் முன்னோக்கிப் பாயும், ஏற்கெனவே இலேசான பின்சக்கரம் பிடியை இழக்கும். வளைவிலிருந்து வெளியேறும்போது ஆக்சிலரேட்டரைச் சற்றே முந்தி மிதித்தால் பின்புறம் வெளிப்பக்கம் வழுக்கும். இவற்றோடு வெப்பமும் சேரும். 2,000 கிலோ எடையுள்ள வண்டி மணிக்கு 160 கி.மீ. வேகத்திலிருந்து 80க்கு இறங்கும்போது பிரேக் ஏறத்தாழ 15 லட்சம் ஜூல் ஆற்றலை விழுங்க வேண்டும். 800 கிலோ சிறு காருக்கு அதே கணக்கு 6 லட்சத்தைத் தாண்டாது. ஒரு சுற்றில் இத்தகைய வளைவுகள் மூன்று நான்கு வந்தால், ஐந்தாறு சுற்றுகளில் பிரேக் மிதி மெத்தென்று தரையை நோக்கி இறங்கத் தொடங்கும். பிக்கப்பைத் தடத்தில் ஓட்டுபவர் முதலில் கற்பது, மூன்று சுற்று விரைந்து ஒரு சுற்று ஆறவிடும் ஒழுக்கத்தை.

அமெரிக்க நிறுவனங்கள் இச்சிக்கலைத் தீர்த்த விதம் சுவையானது. 1991இல் வந்த ஜி.எம்.சி. சைக்ளோன் 4.3 லிட்டர் டர்போ எஞ்சினும் நான்கு சக்கர உந்துதலும் கொண்டு 280 குதிரைத்திறன் தந்தது. பத்திரிகைச் சோதனையில் நிறுத்தத்திலிருந்து வேகமெடுப்பதில் ஃபெராரி ஒன்றை முந்தியது. ஆனால் அதன் தொட்டியில் ஏற்றத்தக்க சுமை 500 பவுண்டு, அதாவது சுமார் 227 கிலோ மட்டுமே. மட்டாஞ்சேரிக் கணக்கில் ஐம்பது கிலோ மூட்டை நான்கு. ஐந்தாவது மூட்டைக்கு இடம் இருக்கும், அனுமதி இருக்காது. 2004இன் டாட்ஜ் ராம் எஸ்.ஆர்.டி.-10 இன்னும் ஒருபடி மேலே போய், வைப்பர் காரின் 8.3 லிட்டர் பத்து சிலிண்டர் எஞ்சினையே ஏற்றுக்கொண்டது. வண்டியைத் தாழ்த்தி, பட்டைகளை மென்மையாக்கி, அகன்ற டயர் பூட்டும் ஒவ்வொரு மாற்றமும் சுமக்கும் திறனிலிருந்து ஒரு பங்கைக் கழித்துக்கொண்டே நிகழ்கிறது. சரக்கு வண்டியின் உருவம் மிஞ்ச, அதன் தொழில் விலகுகிறது.

இவ்வகை வண்டி அங்கே பிறந்ததில் பொறியியலைக் காட்டிலும் சட்டத்துக்குப் பங்கு அதிகம் எனலாம். ஐரோப்பாவுடன் ஏற்பட்ட கோழியிறைச்சி வணிகப் பூசலுக்குப் பதிலடியாக 1964இல் விதிக்கப்பட்ட 25 விழுக்காடு வரி, வெளிநாட்டுச் சிறு சரக்கு வண்டிகளைத் தடுத்து உள்நாட்டு பிக்கப்புக்குப் பாதுகாப்பான சந்தை ஒன்றை வளர்த்தது. 1978இல் புகைக் கட்டுப்பாட்டால் கார்கள் வலுவிழந்திருந்த வேளையில், குறிப்பிட்ட எடைக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளுக்கு இருந்த விலக்கைப் பயன்படுத்தி, டாட்ஜின் 'லில் ரெட் எக்ஸ்பிரஸ்' அவ்வாண்டின் மிக விரைவான அமெரிக்க வண்டிகளுள் ஒன்றாயிற்று. ஆஸ்திரேலியக் கதை இதனினும் எளியது. ஞாயிறன்று தேவாலயத்துக்கும் திங்களன்று பன்றிகளோடு சந்தைக்கும் போக ஒரே வண்டி வேண்டும் என்று உழவர் மனைவி ஒருவர் ஃபோர்டு நிறுவனத்துக்கு எழுதினார். அதற்கு விடையாக லூயிஸ் பாண்ட் வடிவமைத்த 'யூட்' 1934இல் வெளிவந்தது. உரிமையாளரும் ஓட்டுநரும் சுமையேற்றுபவரும் ஒருவரே என்பது அந்தக் கடிதத்தின் முன்அனுமானம். அதன் வழித்தோன்றல்கள் 2001 முதல் தனித் தொடர்பந்தயத்தில் மோதியதில் வியப்பில்லை.

அந்த முன்அனுமானம்தான் மட்டாஞ்சேரியில் கிடையாது. அங்கே உரிமையாளர் ஒருவர், ஓட்டுபவர் மற்றொருவர், சுமப்பவர் வேறொருவர். சாப்பா என்பது உலோக வில்லை. காலையில் வேலை தேடிக் கூடிய கூட்டத்தின் நடுவே கங்காணி அதை வீசி எறிவார். பாய்ந்து, ஒருவரையொருவர் மிதித்துப் பொறுக்கியவருக்கு அன்றைய வேலை, மற்றவர்க்குப் பட்டினி. ஒரு பொருளில் அதுவும் ஒரு பந்தயம்தான். வென்றவருக்குக் கிடைத்த பரிசு முதுகில் ஏறும் மூட்டை. 1953 செப்டம்பரில் துப்பாக்கிச் சூடும் அதைத் தொடர்ந்த அடக்குமுறையும் மூன்று தொழிலாளரின் உயிரைப் பறித்தன. சுமை என்பது அத்தெருவில் அரசியல் பெற்ற சொல். கேரளம் 1978இல் தலைச்சுமைத் தொழிலாளருக்கெனத் தனிச்சட்டமே இயற்றியது. இந்தச் சூழலில் வண்டியை 'விளையாட்டுக்கு' எடுத்துச் செல்லும் கற்பனை ஓட்டுநருக்கு எங்கிருந்து வரும்? வண்டி அவருடையது அன்று, ஓய்வு நாளும் பெரும்பாலும் அவருடையது அன்று.

இப்பிரிவினை இந்தியப் பந்தயத்தில் எவ்வளவு ஆழமானது என்பதை 2014 காட்டியது. டாடா நிறுவனம் நொய்டா அருகிலுள்ள புத் சர்வதேசத் தடத்தில் 'டி1 பிரைமா' லாரிப் பந்தயத்தைத் தொடங்கியபோது, லாரிகள் இந்தியாவில் செய்யப்பட்டவை, ஓட்டுநர்கள் ஐரோப்பியர். இலட்சக்கணக்கான லாரி ஓட்டுநர்கள் உள்ள நாட்டில் முதலிரு ஆண்டுகள் இப்படியே கழிந்தன. நெடுஞ்சாலை ஓட்டுநர்களிலிருந்து தேர்ந்தெடுத்துப் பயிற்றுவிக்கப்பட்ட இந்தியர்கள் 2016இல்தான் தடமேறினர். பந்தயப் பயிற்சி அவசியம் என்ற வாதம் நியாயமானதே. ஆனால் சோழவரத்தில் ஹெரால்டை ஓட்டியவர்களிடம் எவரும் அத்தகைய முன்பயிற்சியைக் கேட்டிருக்கவில்லை. விளம்பர நோக்கில் தொடங்கிய நிகழ்ச்சி அது என்பதை மறுக்க வேண்டியதில்லை. சுமையோட்டுநரை விளையாட்டு வீரராகப் பதிவுசெய்த முதல் ஆவணங்களுள் ஒன்றாக அது எஞ்சுகிறது என்பதையும் மறுக்க முடியாது.

இன்றைய நிலை சற்றே மாறியுள்ளது. சோழவரத்தின் வாரிசாக 1990இல் திறக்கப்பட்ட இருங்காட்டுக்கோட்டைத் தடம் 3.7 கி.மீ. நீளமும் 12 வளைவுகளும் கொண்டது. 1995இல் மறைந்த கரிவர்தனின் பெயரைத் தாங்கிய கோவைத் தடம் அதனினும் சிறியது. பந்தயமில்லா நாட்களில், பரிசும் வரிசையும் இன்றி, சொந்த வண்டியைக் கட்டணம் செலுத்தி ஓட்டும் 'டிராக் டே' இவ்விடங்களில் நடக்கிறது. 2016இல் வந்த இசுசு வி-கிராஸ் போன்ற வண்டிகள் சுமைத்தொழிலில் இல்லாதவர்களுக்கும் பிக்கப்பைச் சொந்த வண்டியாக்கின. பொதுச்சாலையில் வேகப்போட்டி நடத்துவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவின்கீழ் குற்றம்; 2019 திருத்தத்துக்குப் பின் முதல் தடவைக்கே மூன்று மாதம்வரை சிறையோ 5,000 ரூபாய்வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். எனவே கொச்சி ஆர்வலர் பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சுமார் 190 கி.மீ. கடந்து கோவைக்கு வர வேண்டியிருக்கிறது. மேற்குக் கரைக்கும் கொங்குநாட்டுக்கும் இடையே நெடுங்காலம் சரக்கு போய்வந்த வழியும் அக்கணவாய்தான்.

தடத்துக்குள் விடுமுன் ஒவ்வொரு வண்டியையும் சோதிப்பார்கள். டயர், பிரேக் எண்ணெய், சக்கர நட்டு, தலைக்கவசம். பிக்கப் என்றால் பின்தொட்டியையும் எட்டிப் பார்ப்பார்கள். அங்கே கிடக்கும் கயிறும் தார்ப்பாயும் ஜாக்கியும் கீழே இறக்கப்பட்டு வேலியோரம் வைக்கப்படும். அதன் பிறகே கொடி அசையும்.