மயில் கூடுது, பனங்காடை குறையுது... உங்க ஊர் நிலவரம் என்ன?

விருத்தாசலத்துல இருந்து உளுந்தூர்பேட்டை போற வழியில, மங்கலம்பேட்டை பக்கம் பஸ் போகும்போது மின்கம்பிகளைக் கவனிங்க. கரிச்சான் இருக்கும், மைனா இருக்கும். உட்கார்ந்திருந்தா மங்கலான பழுப்பு, றெக்கையை விரிச்சா பளீர் நீலம்னு ஒண்ணு கண்ணுல படுதா? அதுதான் பனங்காடை. வயல்ல பூச்சி பிடிச்சுத் தின்கிற பறவை.

2023-ல வெளியான 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை, இந்தப் பறவை நாடு முழுக்கக் கணிசமா குறைஞ்சிருக்குன்னு சொல்லுது. நீண்டகாலப் போக்கு தெரியவந்த 338 இனங்கள்ல 204 குறைஞ்சிருக்கு. கூடினது வெறும் 36. அதுல மயிலும் குயிலும் உண்டு. 2000-க்கு முந்தைய நிலையோட ஒப்பிட்டா, மயில் 150 சதவிகிதத்துக்கும் மேல கூடியிருக்கு. மயில் கூடினா நமக்குச் சந்தோஷம்தான், நிலக்கடலை போட்ட விவசாயிகிட்ட மட்டும் கேட்டுடாதீங்க!

'அப்போ பறவை பார்க்கிறவங்க ரொம்பக் கம்மி, இப்போ ஆயிரக்கணக்குல இருக்காங்க. எப்படி ஒப்பிட முடியும்?' நியாயமான கேள்வி. அதனால பறவைகளோட தலையை எண்றதில்லை. நூறு பட்டியல்கள்ல எத்தனையில பனங்காடை இடம்பிடிச்சிருக்குன்னு பார்க்கிறாங்க. அந்த விகிதம் வருஷா வருஷம் சரிஞ்சா, பறவை குறையுதுன்னு அர்த்தம். சுமார் 30,000 பேர் 'ஈபேர்ட்'ல பதிஞ்ச 3 கோடி பதிவுகள்தான் இந்த அறிக்கைக்கு அடிப்படை.

ஞாபகத்தையும் வதந்தியையும் மட்டும் நம்பினா என்ன ஆகும்ங்கிறதுக்கு சிட்டுக்குருவியே சாட்சி. செல்போன் டவர்தான் அதை அழிச்சுதுன்னு '2.0' படம் வரைக்கும் பேசியாச்சு. ஆனா, அதுக்கு உறுதியான ஆதாரம் இல்லை. பெருநகரங்கள்ல குறைஞ்சிருந்தாலும், நாடு முழுக்கப் பார்த்தா குருவி பெரிசா குறையலைன்னு 2020 அறிக்கையே சொல்லிடுச்சு. குருவிக்காக அழுத நாம, பனங்காடை பக்கம் திரும்பவே இல்லை.

சென்னை, கோவையில பட்டியல் போட ஆள் நிறைய. சின்ன ஊர்கள்ல அப்படி இல்லை. பட்டியல் இல்லாத ஊர்ல ஒரு பறவை குறைஞ்சாலும் கணக்குல தெரியாது.

தமிழ்நாட்டுல வருஷா வருஷம் ஜனவரியில பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்குது. 'ஈபேர்ட்' ஆப் இலவசம். ஏரிக்கரையிலோ வயல் வரப்புலயோ 15 நிமிஷம் நின்னு, அடையாளம் தெரிஞ்ச பறவை எல்லாத்தையும் பதிவு பண்ணுங்க. காக்கா, மைனாதானேன்னு விட்டுடாதீங்க. சந்தேகமா இருந்தா, அந்தப் பேரை மட்டும் போடாதீங்க. அடுத்த வருஷமும் அதே கரையில நில்லுங்க.