தீமிதி விழாவும் தண்டுத் தமிழரும்

பெங்களூரின் கிழக்குப் பகுதியில், அலசூர் ஏரிக்கு அணித்தாக, மர்பி டவுன் என்னும் குடியிருப்பு உள்ளது. நாக்ஸ்பேட்டை என்பது அதன் பழம்பெயர். தண்டுப் பகுதியில் பொறியாளராகப் பணியாற்றிய மர்பி என்பாரின் பெயரைப் பிற்காலத்தில் அது பெற்றது. இங்கு வாழும் தமிழராகிய நாம் சொந்த ஊரின் தீமிதி விழாவுக்குச் சென்று திரும்புந்தோறும் நம் பிள்ளைகள் இரண்டு வினாக்களை எழுப்புகின்றனர். 'தணலில் நடந்தால் கால் சுடாதா?' என்பது ஒன்று. 'ஏன் நடக்க வேண்டும்?' என்பது மற்றொன்று. 'அது நம் வழக்கம்' என்று கூறி நாம் நழுவிவிடுகிறோம். அவ்வழக்கத்தின் வரலாற்றைச் சற்றே நினைவுகூர்வோம்.

1809ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் சீரங்கப்பட்டணத்திலிருந்த தம் படையைப் பெங்களூருக்கு மாற்றித் தண்டு அமைத்தனர். 1834இல் சென்னைச் சாப்பர் படையின் தலைமையிடமும் இங்கு வந்தது. படைவீரரைத் தொடர்ந்து வணிகரும், கொத்தரும், தச்சரும், கூலியாட்களும் தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறினர். அம்மக்கள் தம் தெய்வங்களையும் உடன் கொணர்ந்தனர். வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, செங்கற்பட்டுப் பகுதிகளில் வேரூன்றிய திரௌபதி அம்மன் வழிபாட்டை அவருள் பலர் அறிந்திருந்தனர்.

பாஞ்சாலி வேள்வித் தீயில் தோன்றியவள் என்று பாரதம் கூறும். போர் முடிந்து, விரித்த கூந்தலை முடித்தபின் அவள் தீயில் இறங்கி ஊறின்றி மீண்டாள் என்பது நாட்டு மக்கள் போற்றும் கதை. விழா நாட்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்தும் நிகழும். அருச்சுனன் தபசும், மண்ணால் செய்த துரியோதனன் உருவைக் கொண்டு நடத்தும் படுகளமும் அவற்றுள் சிறந்தவை. நிறைவாகத் தீமிதி நடைபெறும். தணல் பரப்பிய குழியைப் பூக்குழி என்பர். கொங்கு நாட்டார் குண்டம் என்பர். காப்புக் கட்டி நோன்பிருந்தோரே அதில் இறங்குவர்.

இப்பெங்களூரின் பெருவிழாவாகிய கரகமும் பாஞ்சாலிக்கு உரியதே. தருமராயர் கோயிலில் சித்திரா பௌர்ணமியை ஒட்டி அது நிகழ்கிறது. மகளிர் கோலம் பூண்ட பூசாரி மல்லிகைப் பூக்கரகத்தைத் தலையில் தாங்கி வர, வாளேந்திய வீரகுமாரர் சூழ்ந்து வருவர். இதனை நடத்துவோர் திகளர். அச்சொல் பழங்கன்னடத்தில் தமிழரைக் குறித்ததாகும். கரகம் மஸ்தான் சாகிபு தர்காவிற்கும் சென்று திரும்புகிறது. செஞ்சிப் பக்கத்துத் திரௌபதி கோயில்களில் முத்தால ராவுத்தன் என்னும் முசுலிம் வீரன் காவல் தெய்வமாக நிற்பதை அறிந்தோர்க்கு இது வியப்பளிக்காது. கோலார்ப் பகுதிக் கரக விழாக்களில் அக்கினி குண்டம் இறங்குவதும் உண்டு.

தமிழர் கடல் கடந்த இடங்களுக்கும் இவ்வழக்கம் சென்றது. சிங்கப்பூர் மாரியம்மன் கோயிலில் 1840ஆம் ஆண்டு முதல் தீமிதி நடந்து வருவதாகக் கூறுவர். இலங்கையில் உடப்பு, பாண்டிருப்பு ஆகிய ஊர்களிலும், கரும்புத் தோட்டங்களில் உழைக்கச் சென்றோர் வாழும் பிசி, மொரீசியசு, இரீயூனியன் தீவுகளிலும் அது நிலைத்தது. தமிழரோடு தொடர்பற்ற சப்பானிலும், தோக்கியோ நகருக்கு அருகிலுள்ள தகாவோ மலைக் கோயிலில், ஆண்டுதோறும் மார்ச்சு மாதத்தில் மலைத்துறவியர் வேள்வி வளர்த்துத் தணலில் நடக்கின்றனர். அவர் பின்னே பொதுமக்களும் நடக்கின்றனர்.

இனி, 'கால் சுடாதா?' என்னும் வினாவுக்கு வருவோம். 1935இல் இங்கிலாந்தில் ஹாரி பிரைஸ் என்பார், காசுமீரத்தவராகிய குதா பக்சு என்பவரைத் தணலில் நடக்கச் செய்து ஆராய்ந்தார். கரித்தணல் வெப்பத்தை மெல்லவே பாயவிடும் இயல்புடையது. மேலே படியும் சாம்பலும் வெப்பத்தைத் தடுக்கும். ஒவ்வோர் அடியும் தணலைத் தொடுவது ஒரு நொடிக்கும் குறைந்த நேரமே. ஆகவே நிற்காமல் சீராக நடப்பவர் பெரும்பாலும் ஊறின்றி மீள்கின்றனர். தயங்கி நிற்போர்க்கும் இடறி வீழ்வோர்க்கும் கொடிய புண் நேர்வதும் உண்டு. இவ்வுண்மையைப் பிள்ளைகளிடம் மறைத்தல் தகாது.

ஏன் நடக்க வேண்டும் என்பதற்கு நடப்பவர் கூறும் மறுமொழி எளியது. பிணி தீர்ந்ததற்கும், மகப்பேறு வாய்த்ததற்கும், சென்றவர் நலமே திரும்பியதற்கும் நேர்ந்துகொண்ட கடனை அவர் செலுத்துகிறார். உற்றார் அருகில்லாத புது நாட்டில், துன்பம் வந்தபோது நம் முன்னோர்க்கு இருந்த துணை அத்தகைய வேண்டுதலே. கால்நடையாகவும் கப்பலிலும் சென்றவர்கள் அக்கதையை மறவாது ஓதி வந்தமையால் அது நம்மிடம் வந்து சேர்ந்துள்ளது. பிள்ளைகள் தீயில் இறங்குவதும் இறங்காததும் அவரவர் விருப்பம். பாஞ்சாலியின் கதையையும், தண்டுக்கு வந்த பாட்டன் பாட்டியரின் கதையையும் நாம் அவர்க்குத் தமிழில் சொல்லியாக வேண்டும்.